ஏழாம் அறையின் சன்னல்

பிப்ரவரியில்தான் அழைப்பார்கள்.
ஏரியில் பனிக்கட்டி மூன்றடி கனத்துக் கிடக்கையில்
எங்கோ ஒருவருக்கு இலையுதிர்காலம் ஞாபகம் வந்துவிடும்.

ஒன்பது அறைகள் என் விடுதியில்.
மீன் அரியக் கொல்லையில் ஒரு தொட்டி.
பறவைகளை உறைய வைக்க ஒரு பெட்டி,
உதைத்தால் ஓடும்.

"ஆர்டிஸ், இந்த முறை மூன்று பேர்" என்கிறார்
லோவல் ப்ரெக்கி, முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து.
அவருக்குத் துப்பாக்கி.
மைத்துனன் டுவெய்னுக்குத் தூண்டில்.
மகள் சிக்னிக்கு எதுவும் சாகக் கூடாது;
பைனாகுலர் மட்டும் கொண்டுவருவாள்.
மூன்றுக்கும் பொதுவாய் ஒரு வாரம் வேண்டுமாம்.

விதைக் கம்பெனி நாட்காட்டியை
ஆணியிலிருந்து கழற்றி மேசையில் விரிக்கிறேன்.
பதினோரு வருடக் கிறுக்கல்களை
ஒவ்வொரு ஜனவரியும் புதுத்தாளில் பெயர்த்தெழுதுவது என் வழக்கம்:
கொக்கு வந்த நாள், முதல் உறைபனி,
யாரோ சேற்றில் வண்டியைப் புதைத்த நாள்.

செப்டம்பர் கடைசி வாரம் என்கிறேன்.
கூர்வால் கவுதாரிக்கு அனுமதி இருக்கும்.
தண்ணீர் குளிரத் தொடங்கியதும்
வால்ஐ மீன்கள் கல்கரைக்கு ஏறிவரும், அந்தி சாய்ந்த பின்.
கொக்குகளோ வடக்கிலிருந்து
முதலில் குரலாக வரும்,
வெகுநேரம் கழித்துத்தான் உடலாக.

எழுதிக்கொள்ளுங்கள், லோவல்:
சாலை முடிந்தபின் பெட்ரோல் கிடையாது.
காற்றுக்கு ஒரு சட்டை, அந்தச் சட்டைக்கு ஒரு சட்டை.
நாய்க்கு வாடகை இல்லை, கட்டிலில் ஏறாதவரை.
ஏறும். எனக்குத் தெரியும்.
எமில் ஷாட்ஸைக் கேட்காமல்
அவர் புல்லில் கால் வைக்காதீர்கள்.
மூன்றாவது முறைதான் போனை எடுப்பார்.
இரண்டே கேள்வி கேட்பார்:
எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவாய்?
வாயிற்கதவை எப்படிக் கண்டாயோ அப்படியே விடுவாயா?
முதல் கேள்விக்குத் தவறாகச் சொன்னவர்களை
அவர் மன்னித்திருக்கிறார்.

டுவெய்ன் பின்னாலிருந்து கத்துகிறான்:
"அந்தக் குட்டை? போன தடவை பெர்ச் அள்ளினோமே?"

இங்கே நான் கொஞ்சம் தாமதிக்கிறேன்.
அந்தக் குட்டை ஆகஸ்டில் செத்தது.
வெடித்த சேற்றில் ஆமை ஓடுகளும்
ஒரு சிவப்புத் தக்கையும் கிடந்தன.
தக்கை உன்னுடையதாகக்கூட இருக்கலாம், டுவெய்ன்.
வானம் பார்த்த பூமி இது;
பார்க்க வேறொன்றும் இல்லாததாலும்தான்.
இப்போது என் சன்னலுக்கு வெளியே
சாய்வாகக் கொட்டிக்கொண்டிருக்கிறதே,
அதுதான் உங்கள் செப்டம்பர்.
எவ்வளவு விழும், எவ்வளவு உருகும்,
எவ்வளவைக் காற்று அடுத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோகும்,
எனக்குத் தெரியாது.
பென்சிலால்தான் குறித்திருக்கிறேன்.

போனை அவள் வாங்குகிறாள்.
சிக்னியின் குரல், பதினாறு பதினேழு இருக்கும்.
"நாணல் பக்கம் பார்த்த அறை இருக்கிறதா?"
ஏழு, என்கிறேன்.
"அதன் சன்னல் திறக்குமா?
கண்ணாடி வழியாகக் கொக்கு தெரியும்,
கேட்காது."

திறக்கும், என்றுவிட்டேன்.
முன்பணம், அட்டை எண், வணக்கம்.

பிறகு சமையல் கத்தியோடு
முழங்கால் பனியில் நடந்து ஏழுக்குப் போனேன்.
மூன்று முறை பெயின்ட் அடித்து
சட்டமும் சன்னலும் ஒன்றாகிப் போயிருந்தன.
விளிம்பு நெடுகக் கத்தியை ஓட்டினேன்.
வெள்ளை, அதன்கீழ் பச்சை,
அதன்கீழ் முன்பிருந்த யாருடையதோ மஞ்சள்,
செதில் செதிலாக உதிர்ந்தது.
தோளைக் கொடுத்துத் தள்ளியதும்
ஒரு சாண் திறந்தது.

புதிதாய் விரித்த போர்வைமேல்
பனி வந்து விழுந்தது.
காற்றைத் தவிர வெளியே சத்தமில்லை.
இருந்தும் சற்றுநேரம்
மூடாமல் நின்றேன்.